மணிக்கட்டின் எட்டு என்புகள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பத்து நிமிடங்களை ஒரு சிறிய உறுப்புக்குக் கொடுக்க விரும்புகிறேன். அது எமது மணிக்கட்டு.

1895 டிசம்பரில் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் றொன்ட்கன் எக்ஸ் கதிரால் தமது மனைவியின் கையைப் படம் எடுத்தார். என்புகளும் விரலில் இருந்த மோதிரமும் நிழலாகத் தெரிந்தன. அன்று அதைப் பார்த்து வியந்தார்கள். இன்று நாங்கள் அத்தகைய நிழல்களை அளக்கிறோம்.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய என்புகள் இரண்டு வரிசையாக உள்ளன. ஒன்று படகு போன்றது. ஒன்று பிறை போன்றது. ஒன்று பட்டாணி அளவு. இன்னொன்றில் கொக்கி உண்டு. நாம் எழுதும்போதும், தேங்காய் துருவும்போதும், வலைப்பந்தை எறியும்போதும் இவை சேர்ந்து அசைகின்றன. இவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை உறுதியான நார்கள்.

விழும்போது கையை ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பு. இந்த எட்டில் அப்போது அதிகம் முறிவது படகென்பு. முதல் நாள் எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த முறிவு தெரியாமலும் போகலாம். "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் பூசிவிட்டு இருந்துவிடுகிறோம். ஆனால் இந்த என்புக்குப் பெரும்பாலான இரத்தம் விரற்பக்கத்திலிருந்தே வருகிறது. முறிந்தால் முன்கைப்பக்கத் துண்டுக்கு இரத்தம் போதாமல், அது பொருந்தாமலோ இறந்தோ போகலாம். சில ஆண்டுகளின் பின் மூட்டுத் தேய்ந்து, கை பலம் இழக்கும்.

என்பு முறியாமல், படகையும் பிறையையும் இணைக்கும் நார் அறுவதும் உண்டு. இங்கேதான் அளவீடு உதவுகிறது. இரண்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகிக்கிறோம். பக்கவாட்டுப் படத்தில் அவற்றின் அச்சுகளுக்கு இடையிலான கோணம் வழக்கமாக 30 முதல் 60 பாகை. 70ஐத் தாண்டினால் என்புகள் இடம் பிசகியிருக்கக்கூடும். இந்தக் கல்லூரியில் பாகைமானி பிடித்துப் படித்த கேத்திரகணிதம் வீண்போகவில்லை, ஆசிரியைகளே!

எனினும் தட்டையான படத்தில் எட்டு என்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கை சற்றுச் சரிந்தாலே கோணம் மாறும். சி.டி. ஸ்கான் மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் வெட்டுமுகப் படங்களைத் தருகிறது. அவற்றிலிருந்து கணினி ஒவ்வோர் என்பையும் தனியாகப் பிரித்து, அதன் கனவளவையும் சரிவையும் முப்பரிமாணத்தில் காட்டும்.

அந்த அளவை எதனோடு ஒப்பிடுவது? புத்தகத்திலுள்ள சராசரி பலருடைய கைகளிலிருந்து வந்தது. ஒவ்வொருவர் என்பும் வேறுவேறு. ஆகவே நோயாளியின் நலமான மற்றக் கையை ஸ்கான் செய்து, அதன் கண்ணாடி விம்பத்தோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் முற்றாக ஒன்றல்ல. ஆனாலும் அவரவருக்கு மிகக் கிட்டிய அளவுகோல் அவரவர் மற்றக் கைதான்.

மாணவிகளே, விழுந்த பின் பெருவிரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் நோகிறதா? முதற் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் முன்னதாகவே காட்டிவிடும். அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

என் வயதுச் சகோதரிகளே, மூத்தோரே, மாதவிடாய் நின்ற பின் என்பு அடர்த்தி குறைகிறது. சாதாரணமாக விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தால், அது இடுப்புக்கும் முதுகுக்கும் வந்த முன்னெச்சரிக்கை. என்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டில் எல்லோருடைய நோவையும் கவனிக்கும் நாங்கள் எமது நோவை மட்டும் "பிறகு பார்ப்போம்" என்கிறோம். மணிக்கட்டு அந்தப் "பிறகு" வரை காத்திருப்பதில்லை.

எங்கள் கைகளுக்கு எழுத்தும் வேலையும் பழக்கிய கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.