எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?



அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையை வளர்த்த தாய் தந்தையர், முதுமை வந்தெய்தியதும் தம் நோயையும் தளர்ச்சியையும் பெரிதாக எண்ணுவதில்லை. “நாங்கள் கண்ணை மூடிய பின் இவனை யார் பார்ப்பது?” என்பதே அவர்தம் வினா. அதன் சட்டப் பகுதியையே இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

எம்மவரிடையே பெருவழக்காயுள்ள முறை ஒன்றுண்டு. வீட்டையும் வளவையும் மூத்த பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக எழுதி முடித்து, “தம்பியைக் கைவிடாதே” என்று வாயாற் சொல்லிவிடுவர். அச்சொல் உறுதியில் ஏறுவதில்லை. மூத்தவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் கடன்பட்டு நொடித்தால் வீடு கடன்காரர் கைக்குப் போகக்கூடும். அவன் இறந்தால் அவனுடைய உரித்தாளருக்குச் சேரும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டமோ, வலுக்குறைந்த பிள்ளையைப் பேணும் கடமையைப் பெற்றார்மீது சுமத்துகின்றதேயன்றி, உடன்பிறந்தார்மீது சுமத்தவில்லை.

உறுதி எழுதிய பெற்றாரின் நிலையையும் நோக்குக. பெறுபவர் ஏற்றுக்கொண்ட நன்கொடையை, மீட்கும் உரிமை அதிலே ஒதுக்கப்படாதவிடத்து, எளிதில் மீட்டல் இயலாது. கொடிய நன்றிகேட்டைக் காரணங் காட்டி நீக்குவதற்கு, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். எழுபது வயதிலே பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற எத்தனை தாய்மார் மனங்கொள்வர்? ஆதலின் எழுதும்போதே சீவிய உருத்தைத் தமக்கு ஒதுக்கிக்கொள்ளல் நன்று. கைவிடப்பட்ட முதியோர், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் இடமுண்டு.

ஒன்றும் எழுதாது விடுவோரும் உளர். அப்போது அப்பிள்ளைக்கும் ஒரு பங்கு சேரும். ஆயின் அவனால் ஒப்பமிட இயலாது. பங்கைப் பிரிக்கவோ விற்கவோ முற்பட்டால், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து அவன் ஆதனத்திற்கு ஒரு முகாமையாளரை நியமிக்கும் வரை காணி முடங்கிக் கிடக்கும். அற்றோணித் தத்துவம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். கொடுத்தவர் இறந்தவுடன் அது செல்லாது போய்விடும்.

இத்தகைய குடும்பங்களுக்கு நான் ஏற்றதெனக் கருதுவது நம்பிக்கைப் பொறுப்பு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்கின்றது. ஆதனம் பொறுப்பாளர் பெயரில் நிற்கும்; அதன் வருவாய் பிள்ளையின் உணவுக்கும் மருந்துக்கும் செலவாகும்; அவன் காலத்தின் பின் எஞ்சியது யாருக்கு என்பதையும் எழுதிவிடலாம். உயிரோடிருக்கும்போதே நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக முடிக்கலாம், மரணசாதனத்திலும் அமைக்கலாம். மரணசாதனத்திற்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகள். 1840ஆம் ஆண்டு தொட்டு நிலவும் விதி இது.

பொறுப்பாளரைத் தெரிவதிலேதான் அறிவும் உலகியலும் வேண்டப்படுகின்றன. எஞ்சும் ஆதனத்தைப் பெறவிருப்பவரையே தனிப் பொறுப்பாளராக்குவது எனக்கு உடன்பாடன்று. இன்று செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் நாளை தம் பங்கிற் குறையும் என்ற எண்ணம் நல்லவரையும் தொடும். பிள்ளைக்கு நெருங்கிய ஒருவரும், கணக்கறிந்த வெளியார் ஒருவருமாக இருவரை நியமித்தல் தகும். உறவினர் இல்லாதோர் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தை அணுகிக் கேட்கலாம்.

இனி, நொத்தாரிசார் எழுதாத பகுதி ஒன்றுண்டு. எந்த மருந்து எவ்வேளை, எவ்வுணவு ஒவ்வாது, இடி முழங்கினால் எங்கே ஒளிந்துகொள்வான், யார் குரல் கேட்டால் அடங்குவான் என்பன தாய் ஒருத்திக்கே தெரிந்தவை. அவற்றை ஒரு கொப்பியிலே எழுதி, உறுதிகளோடு வைத்து, அந்த அலுமாரியைப் பொறுப்பாளருக்கு இப்போதே காட்டிவிடுக. அவர் மாதம் ஒரு முறையேனும் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு உண்டு பழகட்டும்.