டாக்சி எண் 1729



மலாக்காவில் ஒரு சாலை விபத்து நடந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? ஆம்புலன்ஸ் வருவதற்குள் காடியின் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் அது நம்பர் கடைக்குப் போய்விடும். நான் கேலி பேசவில்லை. மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சம்பளத்தன்று அரிசிக்கு முன்னால் நம்பருக்குக் காசு எடுத்து வைத்த வீடுதான் எங்கள் வீடும்.

இங்கிலாந்திலும் ஒருவர் வாடகைக் காடியின் நம்பரைக் கவனித்தார். அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி. 1914-இல் கப்பலேறிப் போன நம் கும்பகோணத்து ராமானுஜன், லண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தார். பார்க்கப் போன ஹார்டி, தான் வந்த டாக்சியின் நம்பர் 1729, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றார். ராமானுஜன் உடனே மறுத்தார்.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை மறுபடியும் அதே எண்ணால் பெருக்கினால் கன எண். 12-இன் கனம் 1728. அதோடு 1-இன் கனமான 1-ஐக் கூட்டினால் 1729. 10-இன் கனம் 1000, 9-இன் கனம் 729. கூட்டினால் அதே 1729! இப்படி இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் வரும் எண்களில் இதுதான் மிகச் சிறியது.

கணக்குக்குப் பயந்து மாஸ் காம் டிப்ளோமாவுக்கு ஓடியவன் நான். எனக்கே சரிபார்க்க முடிந்தது. 13-இன் கனம் 2197, அது தாண்டிவிடும். ஆக, 1 முதல் 12 வரை பன்னிரண்டே கனங்கள். இரண்டிரண்டாகக் கூட்டினால் 78 விடைகள். அரை மணி நேரம் போதும்; 1729 வரைக்கும் வேறெந்த எண்ணும் இரண்டு முறை வராது.

ராமானுஜனுக்கு இது அந்த நிமிடத்தில் உதித்ததல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு வேடிக்கை. 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. திருப்பிப் போட்டால் 91. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்.

நம்பர் கடைக்கு வருவோம். நாலு இலக்கத்தில் மொத்தம் பத்தாயிரம் எண்கள். குலுக்கும் இயந்திரத்துக்கு 1729-உம் ஒன்றுதான், விபத்தான காடியும் ஒன்றுதான். 'சின்னது' கட்டினால் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 3,500, அடுத்தது 2,000, மூன்றாவது 1,000. பத்தாயிரம் எண்ணையும் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்குங்கள்; திரும்பி வருவது 6,500 வெள்ளி. இந்தக் கழித்தல் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை.

ஜாசினில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் இந்தக் கனப் பட்டியலைக் கொடுத்தேன். அவன் 12-இல் நிற்காமல் 16 வரை போனான். "அண்ணே, 4104-உம் ரெண்டு தடவை வருது" என்றான். உண்மைதான். 2, 16-இன் கனங்கள். 9, 15-இன் கனங்கள். நாலு இலக்கத்துக்குள் இப்படி இருப்பது இந்த இரண்டு எண்கள் மட்டுமே.

அன்றைக்கே அவன் அப்பா 4104-ஐக் கட்டினாராம். அடிக்கவில்லை.