உவர்மலைக்கு வரும் கடிதங்கள்

திருகோணமலையில் உள்துறைமுகத்தை நோக்கிச் சரியும் மேட்டு நிலத்துக்கு ஓர்ஸ் ஹில் என்பது ஆங்கிலப் பெயர். தமிழில் உவர்மலை என்பார்கள். அங்கே குடியிருப்போருக்கு வெளியூர் நண்பர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு. நலம் விசாரித்து இரண்டு வரி, பிறகு கேள்விகள். டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரலாமா? வீட்டின் கீழேயே கடல் இருக்கிறதாமே, குளிக்கலாமா? என்னென்ன கொண்டுவர வேண்டும்? "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று உபசாரமாக எழுதிவிடுவது எளிது. அது அன்பான விடைதான். ஆனால் சரியான விடை அன்று.

இலங்கைத் தீவில் கடலுக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் உள்ளன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொழும்பு, காலிப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அப்போது கீழ்க்கரை அமைதியாக இருக்கும். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கீழ்க்கரைக்கு மழையைக் கொட்டும். மகாவலி ஆறு கொட்டியாரக் குடாவில் கலப்பதால், வெள்ளக் காலத்தில் கடல்நீரும் கலங்கிப்போகும். புயலுக்கும் அதுவே பருவம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலையையும் தாக்கிச் சென்றது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. ஆகவே டிசம்பர் பயணம் எண்ணுகின்றவருக்கு உண்மையான நண்பர் எழுதவேண்டிய விடை, "ஆகஸ்ட் விடுமுறைக்கு வாருங்கள்" என்பதே. விமானச் சீட்டை வாங்கிய பின் இதை அறிவதால் பயனில்லை.

வீட்டின் கீழே உள்ள நீரில் குளிப்பதற்கில்லை. உள்துறைமுகம் கப்பல்களுக்கு உரியது. பெரிய கப்பலும் உள்ளே வந்து நங்கூரமிடத்தக்க ஆழமே அதன் புகழ். பிள்ளைகள் கால்நனைக்க அந்த ஆழம் எதற்கு? குளிக்க விரும்புவோர் நகருக்கு வடக்கே உப்புவெளிக்கோ, ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளிக்கோ போகவேண்டும். மணல் மெல்லச் சரிவதால் அங்கே சிறுவர்கள் விளையாட இடமுண்டு.

ஆனால் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. வெளியூராருக்கு அது தெரிவதில்லை. அக்காலத்தில் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரத்தில் அலை எழாமல் நீர் கண்ணாடிபோல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காற்றே, காற்றடைத்த ரப்பர் வளையத்தில் மிதக்கும் பிள்ளையை ஓசையின்றி வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். தாய்தகப்பன் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்றை யார் பார்க்கிறார்கள்? கச்சான் வீசும் வேளையில் வளையமும் மிதவைப் பாயும் கரையிலேயே இருக்கட்டும். அலை எழும் நாளில் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாத ஓர் ஒழுங்கை தெரியும். அதைப் பாதுகாப்பான இடமென்று எண்ணுவோர் பலர். கரைக்கு வந்த நீர் திரும்பி ஓடும் வழி பெரும்பாலும் அதுவே. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுவை விட்டுவிடும். எங்கே இறங்கலாம் என்பதைக் கரைவலை இழுப்போரிடம் கேட்டுக்கொள்வது எல்லாவற்றினும் மேல். வலை வளைத்திருக்கும் நீருக்குள் இறங்காதிருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அனுமதிச் சீட்டுப் பெற்றுப் படகில் போகவேண்டும். அங்குள்ள முருகைக் கற்பாறை கல்லைப்போலத் தோன்றினாலும் உயிருள்ளது. அதன்மீது ஏறி நின்றால் மடிந்துபோகும். நிற்கக் கால் தேடுகின்றவர் மணலைத் தேடட்டும். நீந்தத் தெரியாதவர் மிதவை அங்கியின்றி இறங்கலாகாது. துண்டு உடைந்து கிடந்தாலும் வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது.

கொண்டுவர வேண்டியவை அதிகமில்லை. தொப்பி, கையுள்ள பருத்திச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், முதலுதவி மருந்து. கச்சான் காலத்து நண்பகல் வெயில் உடம்பை வாட்டும்; ஆதலால் கடற்குளிப்பைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கோணேசர் கோயிலுக்கு ஏற்ற உடையும் வேண்டும்.

கடலில் இறங்க இயலாத வயோதிபத் தாயாரையும் அழைத்து வரலாமா என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. தாராளமாக அழைத்து வரலாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் வெப்பம் வேறு. தமக்கு ஒத்த சூடுள்ள கிணற்றை அவரே தெரிந்துகொள்ளலாம். மாலையில் பிரட்ரிக் கோட்டை வழியாகச் சுவாமிமலைக்குப் போனால், வழியில் மேயும் புள்ளிமான்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். ஏற்றம் கொஞ்சம் உண்டு. முச்சக்கர வண்டியில் கூட்டிப்போகலாம்.