பகுதிநேர எம்பிஏ: பாரத்தை நிரப்பும் முன் வீட்டில் ஒரு கணக்கு



வேலையை விடாமல், மாலையிலும் வார இறுதியிலும் படித்துப் பெறும் எம்பிஏ எனப்படும் வர்த்தக நிர்வாக முதுகலைப் பட்டம் பற்றியது இன்றைய உரை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் இந்தப் பட்டத்தைத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள், திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் என்று பலவும் இதை நடத்துகின்றன. வகுப்புக்குப் போகாமல் கணினி வழியாகவே படித்து முடிக்கும் வசதியும் வந்துவிட்டது.

நம் சமுதாயத்தில் எம்பிஏ மீது ஒரு தனி ஆசை உண்டு. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு எஸ்பிஎம் தேர்ச்சியே பெரிய காரியமாக இருந்தது. அடுத்த தலைமுறை பட்டதாரியானது. அந்தப் பட்டதாரி பத்து ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் உழைத்துவிட்டு, நேற்று வந்தவர் மேலாளராவதைப் பார்க்கிறார். 'அவரிடம் எம்பிஏ இருக்கிறது' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மறுநாளே விண்ணப்ப பாரம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்த சமுதாயம் இது. எம்பிஏ விஷயத்தில் பணத்தையும் அளக்க வேண்டும், நேரத்தையும் அளக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் பாரத்தை நிரப்பும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து போட வேண்டும். பாதியில் நின்றுபோகும் படிப்புகள் பலவற்றுக்கு மாணவரின் மூளை காரணமல்ல, போடாமல் விட்ட கணக்குதான் காரணம்.

முதலில், இந்தப் பட்டம் வேண்டுமா என்ற கேள்வி. உங்கள் மேலதிகாரியையோ மனிதவளப் பிரிவையோ நேராகவே கேளுங்கள். அடுத்த பதவிக்கு எம்பிஏ கட்டாயமா, விரும்பத்தக்கதா, அல்லது தேவையே இல்லையா? கணக்காய்வுத் துறையில் இருப்பவருக்கு ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தேர்வு கூடுதல் பயன் தரலாம். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு தொழில்நுட்பச் சான்றிதழ் போதுமானதாக இருக்கலாம். பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும் விஷயத்தை மூன்று ஆண்டு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வேண்டும் என்று முடிவானால், அடுத்து அங்கீகாரம். 2007ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு, இந்நாட்டில் நடத்தப்படும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். அங்கீகார எண்ணில் 'பிஏ' என்று இருந்தால் அது தற்காலிக அங்கீகாரம், 'எப்ஏ' என்று இருந்தால் முழு அங்கீகாரம். 'ஆறே மாதத்தில் எம்பிஏ, தேர்வு இல்லை, வருகை இல்லை' என்று அழைப்பவர்களிடம் இந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தகுதியைப் பொறுத்தவரை, இளங்கலைப் பட்டம் உள்ளவர்கள் நேராக விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. பட்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஏபெல் எனப்படும் அந்த ஏற்பாட்டில், 30 வயதைக் கடந்து, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா தகுதியோடு துறை சார்ந்த அனுபவமும் உள்ளவர்கள் முதுகலைப் படிப்பில் சேரலாம். அனுபவத்தை ஆவணங்களோடு தொகுத்துக் காட்ட வேண்டும், திறனறித் தேர்வும் எழுத வேண்டும். இருபது ஆண்டுகள் பட்டறையிலும் அலுவலகத்திலும் கற்றதைக் கல்வியாக மதிக்கும் ஏற்பாடு இது. ஆனால், நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருவோரைச் சேர்க்கிறதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலின் உறுதிப்படுத்தப்பட்ட நகல், பணி விவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். படிக்க விரும்பும் காரணத்தை எழுதித் தரும்படியும் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும். பரிந்துரைக் கடிதம் என்றதும் சட்டமன்ற உறுப்பினரையும் ஆலயத் தலைவரையும் தேடிப் போவது நம்மவரின் வழக்கம். அவர்களின் கையொப்பத்தைவிட, உங்கள் வேலையைத் தினமும் பார்க்கும் மேற்பார்வையாளரின் நான்கு வரிகளுக்கு மதிப்பு அதிகம். காரணம் எழுதும்போது 'அறிவை வளர்த்துக்கொள்ள' என்று எழுதுவதைவிட, 'எங்கள் கிடங்கில் சரக்குத் தேக்கத்தைக் குறைக்கும் பொறுப்பு தரப்பட்டுள்ளது, அதற்கு நிதிக் கணக்கும் திட்டமிடலும் கற்க வேண்டியுள்ளது' என்று எழுதினால் படிப்பவருக்கு ஆளைத் தெரியும்.

இனி பணக் கணக்கு. விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் முழுக் கட்டணம் அல்ல. பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்தை மீண்டும் எடுத்தால் அதற்கான கட்டணம், காலம் நீண்டால் நீட்டிப்புக் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் 38 வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீடு கிள்ளானில். கணவர் லோரி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். படிவம் ஒன்றில் மகள், நான்காம் ஆண்டில் மகன், இனிப்பு நீர் நோயுள்ள மாமியார். எம்பிஏ படிப்பின் மொத்தச் செலவு 30,000 வெள்ளி.

ஐந்தாண்டுக் கடன் வாங்குகிறார். வட்டி 6 விழுக்காடு, அதுவும் கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் கணக்கிடப்படும் நிலையான வட்டி என்றால், வட்டி மட்டும் 9,000 வெள்ளி. மாதம் 650 வெள்ளி வீதம் 60 மாதம் கட்ட வேண்டும். மொத்தம் 39,000 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு உண்மையில் விழும் வட்டி ஏறக்குறைய 11 விழுக்காடு. அதனால் யார் வட்டி விகிதம் சொன்னாலும், அது முழுத் தொகைக்கா, மீதமுள்ள தொகைக்கா என்று கேட்க வேண்டும்.

அதே பெண்மணி ஓராண்டு பொறுக்கிறார். அந்த 650 வெள்ளியை இப்போதே மாதாமாதம் ஒதுக்குகிறார். ஆண்டு முடிவில் கையில் 7,800 வெள்ளி. பிறகு மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்து, அதே 650 வெள்ளியைத் தொடர்ந்து ஒதுக்குகிறார். 48 மாதத்தில் 31,200 வெள்ளி. பருவக் கட்டணத்தை மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகமாக இருந்தால் கடனே தேவையில்லை. கடன் வாங்கியிருந்தால் இன்னும் ஓராண்டு கட்டியிருக்க வேண்டும், 9,000 வெள்ளி கூடுதலாகவும் போயிருக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாதம் 650 வெள்ளியைக் குடும்பம் தாங்குமா என்பது, படிப்பு தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

வருமான வரிச் சலுகையையும் மறந்துவிடக் கூடாது. அரசாங்கம் அங்கீகரித்த கல்வி நிலையத்தில் முதுகலை படிப்பவர், தமக்குச் செலுத்தும் கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 7,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அந்தப் பெண்மணியின் வரி விதிக்கப்படும் வருமானம் 60,000 வெள்ளி என்றால், அவருக்குப் பொருந்தும் 11 விழுக்காட்டில் மிச்சமாவது 770 வெள்ளி. கட்டணம் முழுவதையும் ஒரே ஆண்டில் கட்டினால் ஒரு முறைதான் 770. ஆண்டுக்கு 10,000 வெள்ளி என்று மூன்றாண்டில் கட்டினால் மூன்று முறை, அதாவது 2,310 வெள்ளி. ரசீதுகளை ஏழாண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்து இபிஎப் எனும் ஊழியர் சேமநிதி. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் சந்தா ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, சிஜாத்ரா கணக்குக்கு 15 விழுக்காடு, பிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு என்று பிரிகிறது. கல்விக்கான பணத்தைச் சிஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிடலாமா? இபிஎப் 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் ஈவு வழங்கியது. ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்காமல் விடும் 20,000 வெள்ளி 20 ஆண்டில் ஏறக்குறைய 58,000 வெள்ளியாகும். அது முதுமையின் மருந்துச் செலவு. பட்டத்தால் வரும் சம்பள உயர்வு அந்தப் பள்ளத்தை நிரப்புமா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். இதே பணம்தான் நாளை பிள்ளைகளின் மேற்கல்விக்கும் தேவைப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதலாளி கட்டணம் தருவாரா என்று கேட்கவும் தயங்க வேண்டாம். எச்ஆர்டி கார்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பல நிறுவனங்கள் மாதந்தோறும் பயிற்சி நிதி செலுத்துகின்றன. உங்கள் படிப்புக்கு அதில் இடமுண்டா, நிறுவனத்தின் சொந்த உதவித் திட்டம் ஏதும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். உதவி கிடைத்தால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும்? இடையில் விலகினால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டுமா? நிறுவனமே ஆள்குறைப்பு செய்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். வட்டி முதலைகளிடம் கடன் வாங்கிப் படித்தவருக்குப் பட்டம் வரும் முன் வாசலில் ஆள் வந்து நிற்பான்.

பணக் கணக்கைவிடக் கடினமானது நேரக் கணக்கு. பாட வகுப்பு வழியாகப் படிக்கும் முதுகலைப் பட்டத்துக்கு இந்நாட்டில் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, ஒப்படைப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து மாணவரின் 40 மணி நேர உழைப்பு. ஆக, 1,600 மணி நேரம். இரண்டாண்டில் முடிக்க வேண்டுமென்றால் வாரம் 15 மணி நேரத்துக்கு மேல். மூன்றாண்டு என்றால் வாரம் ஏறக்குறைய 10 மணி நேரம்.

அந்தப் 15 மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலை நேரம் குறையாது. கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் இடையிலான நெரிசலும் குறையாது. தூக்கத்திலிருந்தும் வீட்டிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். பல வீடுகளில் இந்தப் பேச்சு இப்படித்தான் முடிகிறது:

"என்னங்க, சேரட்டுமா?"

"நீ படிம்மா, நான் பார்த்துக்கிறேன்."

அன்பான பதில்தான். ஆனால் எதைப் பார்த்துக்கொள்வார்? செவ்வாய்க்கிழமை மகளை டியூஷனுக்கு யார் அழைத்துப் போவது? மாதாந்திரச் சோதனைக்கு மாமியாரைக் கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது? சனிக்கிழமைச் சமையல் யாருடையது? தீபாவளிக்கு முந்திய வாரம் தேர்வு வந்தால் பலகாரம் கடையில் வாங்கினால் போதும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்களா? இவற்றைப் பெயர் போட்டு நாள்காட்டியில் எழுதி, சமையலறைச் சுவரில் மாட்ட வேண்டும். கணவர் படித்தாலும் இதே கேள்விகள் உண்டு. ஆனால் அவர் படிக்கும்போது வீட்டு வேலை யாரும் கேட்காமலே மனைவியின் தலையில் போய்விடுகிறது. மனைவி படிக்கும்போது அந்த வேலை அவரிடமே தங்கிவிடுகிறது. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களின் திறமையைக் குறை சொல்லும் முன், அந்த வீட்டு நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

அதனால்தான், சிறு பிள்ளைகளும் நோயுற்ற பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு மூன்றாண்டு வேகம் பொருத்தமானது. படிப்பை ஒரு பருவம் தள்ளிவைக்க அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். பிரசவம், மரணம், வேலையிழப்பு எதுவும் பருவ அட்டவணை பார்த்து வருவதில்லை.

சேரலாம் என்று கணக்கு சொன்னால், தயக்கமின்றிச் சேருங்கள். 40 வயதிலும் நிதி அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியும், பிற துறையினரோடு அமர்ந்து விவாதிக்க முடியும். இரவு பத்து மணிக்குத் தாயோ தந்தையோ புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கல்வியைப் பற்றித் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை. இப்போது வேண்டாம் என்று கணக்கு சொன்னால் அதுவும் தோல்வி அல்ல. மாதம் 650 வெள்ளியை ஒதுக்கத் தொடங்குங்கள். வாரத்தில் பத்து மணி நேரத்தையும் ஒதுக்கிப் படித்துப் பழகுங்கள். அடுத்த ஆண்டும் மாணவர் சேர்க்கை உண்டு.

பட்டச் சான்றிதழில் ஒருவரின் பெயர்தான் இருக்கும். அதற்கான விலையைக் கொடுப்பது வீட்டிலுள்ள எல்லாரும். அவர்களைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள்.