எலும்பு முறிந்தோரும் தறித்தொழிலும்

(கண்ணமங்கலத்தில் நமது சங்க மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)

 

நம்மவருள் ஒருவர்க்கு முதுகெலும்போ இடுப்பெலும்போ முறிந்துவிடின், "இனி இவன் தறிக்கு ஆகான்" என்று திண்ணையோரத்தில் ஒதுக்கிவிடுகின்றோம். அவருடைய கைகள் பழுதின்றியிருத்தலை எவரும் கருதுவதில்லை.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர் இருந்தனர். 1954ஆம் ஆண்டு நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகெலும்பு சிதைந்து, அவருக்குக் கால்களிரண்டும் செயலற்றுப்போயின. பின்னர் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். அது நெய்தலினும் நுண்ணிய வேலை என்போம். பட்டு நெய்வோர் உடன்படாதிருக்கவுங் கூடும்! 1966இல் இத்தகையோரை மீண்டும் தொழிலுக்குப் பழக்கும் நிலையமொன்று அவர் தலைமையில் அங்கே தோன்றிற்று.

படுத்த படுக்கையாயிருப்போரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடல் வேண்டும். இன்றேல் படுக்கைப்புண் உண்டாகும். மூட்டுக்களை நாடோறும் நீட்டி மடக்காவிடின் அவை இறுகிப்போம். இவற்றை வீட்டிலுள்ள பெண்டிரும் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளலாம்.

குழித்தறியில் மிதியை மிதிக்கக் கால் வேண்டும், உண்மையே. தார் சுற்றவும், இழை பிணைக்கவும், கணக்கெழுதவும் கை போதுமன்றோ? அவ்வேலைக்குரிய கூலியையும் குறையாது கொடுத்தல் வேண்டும். இரக்கத்திற்காக அன்று, வேலைக்காக.

அந்நிலையம் பாகாயத்தில் உள்ளது. நம்மூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையிலேயே அவ்வூர் இருக்கின்றது. அங்குச் சென்றுவர இயலாத ஏழைகட்கு வண்டிச்செலவைச் சங்க நிதியினின்றும் உதவுமாறு விண்ணப்பிக்கின்றோம். காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் இதனை ஆலோசிப்பாராக.