வாய்ப்புண்ணும் கோயில் உப்பும்

(இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வாயில் வரும் புண்ணைப் பற்றியேயாகும். இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் சிரிக்கலாம். முடிவுவரை கேட்டால் சிரிப்பு வராது.

வாயில் புண் வந்தால் நம் ஜனங்கள் "சூடு" என்கின்றார்கள். இல்லாவிட்டால் "அம்மன் குற்றம்" என்று உப்பையும் மிளகையும் கோயிலில் கொட்டுகின்றார்கள். பத்து நாளில் ஆறினதும் அம்மன் ஆற்றினாள் என்கின்றார்கள். கோயில் பக்கமே போகாத நமக்கும் பத்து நாளில்தானே ஆறிற்று? அதை ஆற்றியது யார்? சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறக்கூடியது. அது தொற்று வியாதியுமல்ல.

பல் கடித்தல், கூர்மையான பல் உராய்தல், தூக்கமின்மை, மனக்கவலை இவைகளால் அது வரலாம். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, பி12, போலிக் அமிலம் இவைகளின் குறைவா என்று இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் அம்மையார், அது உணவுக் குறைவால் வருவது என்று 1931 இல் எழுதினார். அக்குறைவுதான் போலிக் அமிலக் குறைவு என்று பின்னர் தெரிந்தது. ஆலைகள் நிறைந்த இவ்வூரார் இதை நினைவில் வைக்கவேண்டும். கோயிலில் கொட்டும் உப்பில் அரை ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தினம் மூன்று நான்கு தடவை கொப்பளியுங்கள். ஆறும்வரை காரத்தையும் புளிப்பையும் தள்ளுங்கள். கீரை, பயறு, முட்டை, பால் சாப்பிடுங்கள்.

ஆனால் எல்லாப் புண்ணும் ஆறும் புண்ணல்ல. புகையிலையைக் கன்னத்தில் அடக்கியே இரவு ஷிப்டு பார்த்த தொழிலாளத் தோழர் ஒருவரை நாம் அறிவோம். புண் வந்தது; வலியில்லை; ஆகவே கவலையுமில்லை. நான்கு மாதம் மந்திரித்தார், விபூதி போட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். தாடையில் ஒரு பாகத்தை எடுத்தார்கள். அவர் முதலில் காட்டியபோது "சூட்டுப்புண், ஆறிவிடும்" என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். விசாரியாமல் சொன்னால், சொன்னவன் நாஸ்திகனானாலும் அது மூடநம்பிக்கைதான்.

புகையிலை மாத்திரமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக ஆராய்ச்சி நிலையத்தார் 2004 இல் வெளியிட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டு அரசு 2013 இல் குட்காவைத் தடை செய்தது. சட்டம் கடையைப் பூட்டலாம். கையைத் தடுக்க வேண்டியவர் நாமேயாவோம்.

ஆகவே தோழர்களே! மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, வாய் திறக்க முடியாமை இவைகளில் எது கண்டாலும், வலியில்லாவிட்டாலும், உங்களூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்னதாகக் கண்டால் பிழைக்க வழியுண்டு. இன்றிரவே கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.