மூன்று ஏடுகள், ஒரு நோயாளி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் பேசிய மேடையில், இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் என்னையும் பேசப் பணித்தீர்கள். ஆகவே கணக்கைப் பற்றியே பேசுகிறேன். அதுவும் ஆஸ்பத்திரிக் கணக்கு.

ஒரு சரக்கு வேகன் நான்கு நிலையங்களைக் கடந்தால் நான்கு நிலையங்களின் பதிவுகளிலும் அது ஏறும். அதனை நான்கு வேகன்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. அதன் மேல் 11 இலக்க எண் பொறிக்கப்பட்டிருப்பதே காரணம். கடைசி இலக்கம், மற்ற இலக்கங்கள் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது. வேகனுக்குள்ள இந்தப் பாக்கியம் நோயாளிகள் பலருக்கு இல்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் ஓராண்டில் நூறு முறை நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்ததாக ஏடு கூறுகிறது என்று கொள்வோம். அவர்கள் 100 தனி மனிதர்களாகவும் இருக்கலாம். நான்கு முறை வந்து சேர்ந்த 25 பேராகவும் இருக்கலாம். முன்னதாயின் படுக்கைகளைப் பெருக்க வேண்டும். பின்னதாயின், வீடு திரும்பியவர்க்கு மருந்து கிடைக்கிறதா, கவனிப்பார் உண்டா என்று ஆராய வேண்டும். குறையும் வேறு, பரிகாரமும் வேறு, எண்ணோ ஒன்றே.

இம்மயக்கம் தீர, பல ஏடுகளில் சிதறிக் கிடக்கும் ஒருவருடைய பதிவுகளை இணைக்கும் முறையை அறிஞர்கள் வகுத்தனர். பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு வாழ்க்கை நூல் உண்டு, அதன் பக்கங்களைத் தொகுப்பதே இப்பணி என்று 1946இல் அமெரிக்கரான ஹால்பர்ட் டன் விளக்கினார். 1959இல் கனடாவில் ஹோவர்ட் நியூகோம்பும் தோழர்களும் கணிப்பொறியைக் கொண்டு இதனைச் செய்து காட்டினர். பெயரின் எழுத்தை மட்டும் நம்பாமல் ஒலியையும் நோக்கினர். 1962இல் ஆக்ஸ்போர்டில் டொனால்ட் அச்செசன் ஆஸ்பத்திரிப் பதிவுகளை இவ்வாறு இணைக்கும் ஆய்வைத் தொடங்கினார்.

வெளியூரில் வாழும் நம்மவர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. மீனாட்சி என்றோர் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 'மீனாட்சி அம்மாள்'. மற்றோரிடத்தில் 'மினாக்ஷி தேவி'. மூன்றாவது இடத்தில், தலைப்பெழுத்தை விரித்துக் கணவர் பெயரையே குலப்பெயராக்கி 'ராமசாமி எம்.' என்பார்கள். ஏட்டில் மூவர், வீட்டில் ஒருவர்!

இதனை வேடிக்கையாக நான் சொல்லவில்லை. என் அன்னையாருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று. சில மாதம் கழித்து வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பெயர் வேறு விதமாய்ப் பதிவாயிற்று. அதே மருந்தையும் கொடுத்துவிட்டனர். பழைய சீட்டை வீட்டில் விட்டுச் சென்றது என் பிழை. கேளாதது அவர்கள் பிழை. நர்ஸ் அம்மையார் ஒருவர் விரைந்து கண்டுகொண்டதனால் அன்னையார் உயிர் பிழைத்தார்.

2021 செப்டம்பர் 27ஆம் நாள் நாடெங்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்படி, விரும்புவோர் 'ஆபா' என்னும் 14 இலக்க எண்ணைப் பெறலாம். நமது இசைவு பெற்றே நம் பதிவுகளைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் நெறி.

எண் வந்தாலும் எச்சரிக்கை வேண்டும். ஒருவரை இருவராகப் பிரிப்பது பிழை. இருவரை ஒருவராகச் சேர்ப்பது அதனினும் கொடிது. ஒருவருடைய இரத்த வகை மற்றொருவர் ஏட்டில் ஏறினால் என்னாகும்? நோயின் இரகசியமும் நோயாளிக்கே உரியது. கணக்கெடுப்போருக்குப் பெயர் வேண்டுவதில்லை. இணைத்த பின் பெயரை நீக்கிக் குறியெண்ணை மட்டும் வைத்துக்கொண்டே, 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று அறிந்துவிடலாம்.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் எழுத்துமுறையை முடிவு செய்து, எங்கும் அதையே எழுதச் செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை முதல் தாளில் பெரிதாய் எழுதுங்கள். 'ஆபா' எண் பெற விரும்பும் முதியோர்க்கு நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி உதவட்டும்.

வேகனுக்குக் காட்டும் அக்கறையை வீட்டாருக்கும் காட்டுவோமாக.